கடன் கேட்கவும் சரக்கு விற்கவும் பத்து நிமிடம்: தொழிலை எடுத்துச் சொல்ல முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி பக்கம் கருவாடு, கடல்பாசி, கருப்பட்டி, குண்டு மிளகாய் என்று ஏதாவது ஒரு சரக்கை வைத்துத் தொழில் நடத்தும் குழுக்களுக்கும் தனி ஆட்களுக்கும் எழுதியது இது. வங்கி அதிகாரி முன்னாலோ, வெளியூர்க் கொள்முதல்காரர் முன்னாலோ, சொந்த ஊர்க்கூட்டத்திலோ என்றைக்காவது எழுந்து நின்று தொழிலை விளக்க வேண்டி வரும். சரக்கு நன்றாக இருந்தும் அந்தப் பத்து நிமிடத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

காரணம் பெரும்பாலும் கூச்சம் அல்ல. வரிசை மாறிப்போவதுதான். கூட்டம் என்று தகவல் கிடைத்ததும் கணினி மையத்துக்குப் போய் ஸ்லைடு செய்யச் சொல்கிறார்கள். அதற்கப்புறம் என்ன பேசுவது என்று யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் ஸ்லைடு ஆறாவது இடத்தில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளை ஒழுங்காக முடித்தவருக்கு ஸ்லைடே தேவைப்படாமலும் போகலாம்.

1. கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டிய விவரம்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அழைத்தவரிடம் போனில் ஐந்து விஷயம் கேளுங்கள். யார் யார் உட்காருவார்கள்? அவர்களில் முடிவு எடுப்பவர் யார்? எத்தனை நிமிடம் தருவார்கள்? எந்த மொழி? அறையில் திரை, மைக், மின்சாரம் எல்லாம் எப்படி?

இவற்றில் இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கிளை மேலாளர் ஒரு தொகை வரைக்கும்தான் தானே அனுமதிக்க முடியும். அதற்கு மேலே போனால் கோப்பு மேல் அலுவலகத்துக்குப் போகும். அப்படியானால் அவரை நம்பவைத்தால் மட்டும் போதாது. அவர் மேலே அனுப்பும்போது எடுத்து வைக்கத் தோதான தாள் ஒன்றை நீங்கள் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொள்முதலும் இப்படித்தான். சரக்கு பார்க்க வருபவர் தரம் பார்க்கிறவராக மட்டும் இருக்கலாம். விலை பேசுகிறவர் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ உட்கார்ந்திருப்பார். வந்தவரிடம் விலைக்கு மல்லுக்கட்டி நேரத்தைக் கழிப்பது வீண்.

நேரம் அரை மணி என்று சொன்னால் பத்து நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். உங்களுக்கு முந்தையவர் நேரத்தைத் தின்றிருப்பார். மிச்சம் இருந்தாலும் அது கேள்விக்கு வேண்டும்.

நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் யோசித்துக் குறியுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டியில் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா. பாம்பன், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை தேவாலயப் பூசை. படகு கடலுக்குப் போகும் நாளிலும் கரைக்கு வந்து ஏலம் நடக்கும் நேரத்திலும் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் மனமெல்லாம் மீன் விலையில்தான் இருக்கும். வங்கியில் திங்கட்கிழமையும் மாத முதல் வாரமும் வேண்டாம்.

2. என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

ஒரு தாளில் இந்த வரியை நிரப்புங்கள்: “இந்தக் கூட்டம் முடியும்போது, இன்னார், இன்ன தேதிக்குள், இன்னதைச் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும்.”

“எங்கள் குழுவுக்கு ஆதரவு தர வேண்டும்” என்று எழுதினால் அது நிரப்பியதாகாது. “நெத்திலிக் கருவாடு உலர்த்தும் கூடத்துக்கு 7,20,000 ரூபாய் கடனுக்கான விண்ணப்பத்தை இந்த மாதக் கடைசிக்குள் மேலாளர் மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்” என்பதுதான் நிரப்பியது. கொள்முதல்காரரிடம் என்றால், “முதலில் 100 கிலோ சோதனை ஆர்டர், பணம் சரக்கு சேர்ந்த ஏழு நாளில்.”

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேச்சில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதற்கு இந்த வரிதான் அளவுகோல். குழு ஆரம்பித்த ஆண்டு, திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர், வாங்கிய கேடயம் எல்லாம் இந்த வரிக்கு உதவுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உதவாது.

தொகையைச் சொல்லக் கூச்சப்பட்டு “பார்த்துச் செய்யுங்கள் சார்” என்று முடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். உறவுக்காரரிடம் அது மரியாதை. அதிகாரியிடம் அது கணக்குப் போடாமல் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாகிவிடும்.

3. எதிரே உட்காருகிறவரின் கவலை என்ன

பேச்சு மனதில் ஒட்டுவது குரல் நயத்தால் அல்ல. அவர் மனதில் ஓடும் கேள்விக்கு, அவர் கேட்கும் முன்பே பதில் வருவதால். ஆகவே மூன்று இடத்துக்கும் ஒரே பேச்சைக் கொண்டுபோகாதீர்கள்.

வங்கி அதிகாரிக்கு ஒரே கவலை: தவணை வருமா? உங்கள் லாபம் இரண்டாம் பட்சம். இந்தக் கடற்கரையில் வேலை பார்க்கும் எந்த அதிகாரியும் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போகும், ஆனால் வரத்து குறையும், விலை ஏறும். “அந்த இரண்டு மாதம் தவணை எங்கிருந்து வரும்?” என்பதற்கு எண்ணோடு பதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கொள்முதல்காரரின் கவலை வேறு. முதல் லோடு போலவே பத்தாவது லோடும் இருக்குமா? கடல்பாசி வாங்குகிறவர் ஈரப்பதமும் மணல் கலப்பும் கேட்பார். பாசி தெப்பத்தில் விட்டு அறுவடை செய்ய ஏறத்தாழ 45 நாள் என்பது அவருக்குத் தெரியும். உங்களிடம் எத்தனை தெப்பம், அவை எந்தெந்த வாரம் அறுவடைக்கு வரும் என்ற அட்டவணைதான் அவருக்குத் தேவை. மிளகாயும் அப்படித்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு (நம் குண்டு மிளகாய்தான்) 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். அதையே ஐந்து நிமிடம் பெருமையாகச் சொல்கிறவர்கள், “ஈரம் எத்தனை சதவீதம், காம்பு எடுத்ததா எடுக்காததா, பூஞ்சைச் சோதனை அறிக்கை இருக்கிறதா” என்ற கேள்விக்கு முன்னால் திணறிப்போகிறார்கள்.

ஊர்க்கூட்டம்தான் மூன்றிலும் கடினம். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்று, மனதில் இருக்கும் கேள்வி இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் விற்போம் என்று நீங்கள் சொன்னால், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் தலையை மட்டும் ஆட்டுவார். அவருடைய மீன் ஏற்கனவே அந்த வியாபாரிக்கு என்று பேசி முடிந்திருக்கும். வியாபாரியோ, படகு முதலாளியான சம்மாட்டியோ அதே பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் வாய் திறந்து இதைக் கேட்க மாட்டார்கள். கூட்டம் அமைதியாக முடிந்துவிட்டது, எல்லோருக்கும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு வந்தால் மறுநாள் ஒருவரும் வர மாட்டார்கள்.

இதற்கு வழி, கூட்டத்துக்கு முன்னாலேயே நாலைந்து வீடுகளுக்குத் தனியாகப் போய்ப் பேசிவிடுவது. முன்பணம் உள்ளவர், இல்லாதவர், வயதில் மூத்தவர், பெண்கள் குழுத் தலைவி என்று கலந்து போங்கள். அங்கே கேட்ட கவலைகளை யார் சொன்னது என்று சொல்லாமல் கூட்டத்தில் நீங்களே எடுத்து வையுங்கள்: “முன்பணம் இருக்கிறவங்க என்ன செய்யறதுன்னு ஒரு கேள்வி இருக்கும். அவங்க பாக்கி தீர்கிற வரைக்கும் பாதி மீனை மட்டும் இங்கே போடலாம்.” கேட்கத் தயங்கியவருக்கு அப்போதுதான் நீங்கள் தன் ஆள் என்று தோன்றும். பாதி என்பதற்கு வியாபாரி ஒப்புவாரா என்பதையும் முன்பே அவரிடம் பேசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தலிலேயே சண்டை வரும்.

4. எண்களை ஒரே பக்கத்தில் அடக்குங்கள்

இதுதான் அதிக நேரம் பிடிக்கும் படி. ஒரு நெத்திலிக் கருவாட்டுக் கூடத்தை வைத்துச் செய்து காட்டுகிறோம். இந்த விலைகள் கணக்கைப் புரியவைக்க மட்டுமே. உங்கள் கரை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கிலோவுக்கான கணக்கு. நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்து ஒரு கிலோ தேறுகிறது என்று வைப்போம். பச்சை நெத்திலி கிலோ 80 என்றால் மூலப்பொருள் 320 ரூபாய். உப்பு, ஐஸ், கூலி, பை, வண்டி சேர்த்து 90. அடக்கம் 410. விற்பது 490. கிலோவுக்கு மிஞ்சுவது 80 ரூபாய்.

அடுத்து மாதம். மாதம் 600 கிலோ விற்றால் 48,000. வாடகை, மின்சாரம், பராமரிப்புக்கு 15,000 போக 33,000.

அடுத்து கடன். மொத்தத் திட்டச் செலவு 8 லட்சம், சொந்தப் பணம் 80,000, கடன் 7,20,000. ஐந்து வருடம், ஆண்டுக்கு 11 சதவீத வட்டி என்று பிடித்தால் மாதத் தவணை சுமார் 15,700. சாதாரண மாதத்தில் தவணை போக 17,300 நிற்கிறது.

இங்கேதான் புதியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அதிகாரி நிறுத்த மாட்டார். தடைக்கால இரண்டு மாதத்தில் 300 கிலோதான் ஓடும் என்று வையுங்கள். 24,000 வரும், நிலையான செலவு 15,000 போனால் 9,000. தவணைக்கு 6,700 குறைகிறது. இரண்டு மாதத்துக்கு 13,400. மற்ற பத்து மாதமும் மாதம் 1,340 ரூபாய் தனிக் கணக்கில் ஒதுக்கினால் இந்தப் பள்ளம் மூடிவிடும். இந்த மூன்று வாக்கியத்தையும் நீங்களே சொல்லுங்கள். பள்ளம் இருப்பதை மறைக்காமல் காட்டி, மண் போடும் வழியையும் சொன்னவரைத்தான் வங்கி நம்பும்.

இன்னும் ஒரு எண் வேண்டும். பச்சை நெத்திலி விலை ஏறினால் எதுவரைக்கும் தாங்கும்? நிலையான செலவும் தவணையும் சேர்ந்து 30,700. அதை 600ஆல் வகுத்தால் கிலோவுக்குக் குறைந்தது 51 ரூபாய் சொச்சம் மிஞ்ச வேண்டும். இப்போது 80 மிஞ்சுகிறது. ஆக, பச்சை மீன் கிலோவுக்கு 7 ரூபாய் ஏறி 87 ஆகும் வரை தவணை தட்டாது. 88 ஆனால் கைக்காசு போட வேண்டும். “87க்கு மேலே போனால் அன்றைக்கு நெத்திலி எடுக்க மாட்டோம், சூடை மீன் எடுப்போம்” என்று ஒரு விதி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சூடைக்கும் இதே கணக்கைப் போட்டுத்தான் அந்த விதியை வைத்திருக்க வேண்டும்.

மானியத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் தகுதியான செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை என்பது விதி. 8 லட்சத்துக்கு அது 2,80,000 ஆகிறது. ஆனால் அது கடனோடு பிணைந்த மானியம். இயந்திரம் வாங்க முன்கூட்டிக் கையில் வரும் பணம் அல்ல. மானியம் வராவிட்டாலும் தவணை கட்ட முடியும் என்று காட்டுவதுதான் நல்ல கணக்கு. எந்தத் திட்டமானாலும் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு வாயில் எடுங்கள்.

எல்லா எண்ணையும் பேச வேண்டாம். பேச்சில் ஐந்துதான்: ஒரு கிலோவுக்கு மிஞ்சுவது, மாத விற்பனை, தவணை, தடைக்கால ஒதுக்கு, தாங்கும் விலை. மற்றவை தாளில் இருக்கட்டும்.

5. பத்து நிமிடத்தை எப்படி அடுக்குவது

முதல் நிமிடம்: யார், என்ன சரக்கு, என்ன கேட்டு வந்திருக்கிறோம். கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரை ஒளித்து வைத்தால், எதிரே இருப்பவர் இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பாதியைத் தவறவிடுவார்.

இரண்டிலிருந்து நான்காம் நிமிடம் வரை: எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணலில் காயப்போட்ட கருவாடு நனைந்து வீணாகிறது, நாயும் காக்கையும் இழுக்கின்றன, மணல் ஒட்டுவதால் விலை குறைகிறது. போன மழைக்காலத்தில் எத்தனை கிலோ வீணாயிற்று என்று உங்கள் நோட்டில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். நோட்டு இல்லையென்றால் எண் சொல்லாதீர்கள். இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்.

ஐந்திலிருந்து எட்டு வரை: மேலே போட்ட கணக்கு.

ஒன்பதாம் நிமிடம்: எது தவறலாம், அதற்கு என்ன ஏற்பாடு. பத்தாம் நிமிடம்: கேட்டதை மறுபடி, தேதியோடு.

ஊர்க்கூட்டத்தில் மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கே முதலில் ஊர்த்தலைவரிடம் அனுமதி, பெரியவர்களுக்கு வணக்கம், பிறகு எல்லோரும் பட்ட நஷ்டம், அதன் பிறகுதான் யோசனை. கேட்பதை முதலிலேயே வைத்தால் “முடிவு பண்ணிட்டு வந்து நம்மகிட்ட சொல்றாங்க” என்று ஆகிவிடும்.

6. ஸ்லைடும் தாளும்

ஆறு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி, ஆறு வரிக்குள். எழுத்து அளவு 28க்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் நெருங்கிவிடுவதால் சிறிய அளவில் பின்வரிசைக்குத் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு. மடிக்கணினியை மேசையில் வைத்து எட்டு அடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து எழுத்துரு மாறிப்போவது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்து எடுத்துப்போனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். முடித்ததும் பி.டி.எஃப். ஆகவும் சேமித்து பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். திரையோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியும் உங்கள் மடிக்கணினிக்கு ஏற்ற இணைப்பானும் கையோடு இருக்கட்டும்; அலுவலகத்தில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மின்சாரம் போனாலும் கூட்டம் நிற்கக் கூடாது. அதற்குத்தான் ஒரு பக்கத் தாள். மேலே கேட்பது, நடுவில் ஐந்து எண், கீழே குழுவின் பெயர், பொறுப்பாளர் போன் எண், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எண், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். வருகிறவர்கள் எண்ணிக்கையைவிட ஐந்து பிரதி கூடுதலாக எடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும் ஆள்தான் சில சமயம் முடிவெடுப்பவர்.

தாளைத் தொடக்கத்திலேயே விநியோகிக்காதீர்கள். கொடுத்த உடனே எல்லோரும் குனிந்து படிப்பார்கள். கணக்குக்கு வரும் ஐந்தாம் நிமிடத்தில் கொடுங்கள். அப்போது அவர்கள் படிப்பதும் நீங்கள் பேசுவதும் ஒன்றாக இருக்கும்.

மூன்று நாலு பேரோடு நடக்கும் சந்திப்பில் திரையே வேண்டாம். தாள், மாதிரி, ஒரு பேனா போதும். எண்ணை அவர்கள் கண் முன்னால் எழுதிக் கூட்டிக் காட்டினால், திரையில் அச்சாகி வந்த எண்ணைவிட அதிகம் நம்புகிறார்கள்.

7. மாதிரிச் சரக்கு

குளிரூட்டிய அறைக்குள் கருவாட்டைத் திறந்தால் வாசனை நாள் முழுக்க நிற்கும். காற்று நீக்கி ஒட்டிய பையில், வெளியே இன்னொரு பை போட்டுக் கொண்டுபோங்கள். திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் வராந்தாவுக்கு அழைத்துப் போங்கள். கருப்பட்டி என்றால் முழு வட்டு ஒன்றும் உடைத்தது ஒன்றும். உடைத்த முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் சர்க்கரைக் கலப்பைச் சந்தேகிப்பார், அதற்கு வாய்ப்புக் கொடுத்துவிடுவது நல்லது. மிளகாயும் பாசியும் இரண்டு தரமாகக் கொண்டுபோய், எது என்ன விலை என்று பையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பொறுக்கி எடுத்த சரக்கை மாதிரியாகக் காட்டுவது பெரிய தவறு. லோடில் போவதும் அதே தரமாக இல்லாவிட்டால் முதல் லோடே திரும்பி வரும். மூட்டையின் மேலே, நடுவே, அடியே மூன்று இடத்திலிருந்து அள்ளிக் கலந்ததுதான் மாதிரி.

8. ஒத்திகை, குரல், விளிப்பு

வாய்விட்டு மூன்று முறையாவது பேசிப் பாருங்கள். முதல் முறை தனியாக, போனில் பதிவு செய்து. இரண்டாவது, தொழில் தெரியாத ஒருவர் முன்னால். எங்கே முகம் சுருங்குகிறது என்று பாருங்கள், அங்கே விளக்கம் போதவில்லை. மூன்றாவது, குழுவில் அதிகம் குறை சொல்கிறவர் முன்னால். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது; மனதுக்குள் பத்து நிமிடம் என்றால் வாயில் பதினைந்து வரும்.

எழுதி வைத்துப் படிக்காதீர்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மனப்பாடம். இடையில் உள்ளதற்கு உள்ளங்கை அகலத் துண்டுத் தாளில் ஐந்து எண் மட்டும். படபடப்பு முதல் அரை நிமிடத்தில்தான் அதிகம், அதைத் தாண்ட மனப்பாடம் கை கொடுக்கும். எண்ணைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். எதிரே இருப்பவர் மனதில் கூட்டிப் பார்க்க அந்த நேரம் வேண்டும்.

கடற்கரைப் பந்தலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்கில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மைக் தலைக்குப் பஞ்சு உறை போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டரையும் பந்தலுக்கு ஒட்டி வைக்கவிடாதீர்கள்.

அதிகாரியிடம் “சார்”, “மேடம்” தான். அவர் உள்ளூர்க்காரராக இருந்தாலும் மற்ற அதிகாரிகள் முன்னால் “அண்ணே” வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் இது தலைகீழ். மேடைப் பேச்சு போல “நண்பர்களே” என்று ஆரம்பித்தால் கூட்டம் விலகி உட்கார்ந்துவிடும். அங்கே அண்ணே, அக்கா, மாமா, கீழக்கரைப் பக்கம் காக்கா, லாத்தா என்று எப்போதும் கூப்பிடுவது போலவே கூப்பிடுங்கள். பெண்களைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு அவர்கள் பேசவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. கருவாடும் பாசியும் அவர்கள் கையில் நடக்கிற தொழில். முன்வரிசை அவர்களுக்கு.

குழுவாகப் போனால் பேசுகிறவர் ஒருவர், கணக்குக் கேள்விக்கு ஒருவர், சரக்குக் கேள்விக்கு ஒருவர் என்று முன்பே பிரித்துவிடுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே திருத்தினால், எந்த எண்ணை நம்புவது என்ற சந்தேகம் வந்துவிடும்.

9. கேள்வி நேரம்

வரக்கூடிய பதினைந்து கேள்விகளை முந்தின நாளே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் வையுங்கள். அதிகாரியிடம் எப்போதும் வருபவை: பழைய கடன் உண்டா, குழுவில் ஒருவர் விலகினால் என்ன, கூடம் யார் நிலத்தில், வாடகை ஒப்பந்தம் எத்தனை வருடம், மீன் தரும் படகு நின்றுவிட்டால் என்ன. கொள்முதல்காரரிடம்: மாதத்துக்கு எவ்வளவு உறுதி, சரக்கு திரும்பினால் வண்டி வாடகை யாருக்கு, பில் உண்டா.

கேள்வியை முழுதாகக் கேளுங்கள். பாதியிலேயே பதில் சொல்லத் தொடங்குவது ஆர்வத்தால்தான், ஆனால் பெரும்பாலும் வேறு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். பெரிய கூட்டம் என்றால் கேள்வியை ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்டிருக்காது.

பதிலை முதலில் சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். “பழைய கடன் உண்டா?” என்றால் “உண்டு சார், 40,000 பாக்கி, தவணை தவறியதில்லை.” குடும்பச் சூழ்நிலையிலிருந்து ஆரம்பித்து அந்த 40,000க்கு வந்து சேருவதற்குள் எதிரே இருப்பவர் வேறு முடிவுக்கு வந்திருப்பார். உங்கள் கடன் வரலாறு அவர் கணினியில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெரியாத கேள்விக்கு ஊகம் வேண்டாம். “இந்தக் கணக்கு கையில் இல்லை, நாளை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்புகிறேன்” என்று சொல்லி, அவர் பார்க்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

விலையைக் குறைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டாம். 490ஐ 460 ஆக்கினால் கிலோவுக்கு மிஞ்சுவது 50; மேலே பார்த்த 51க்குக் கீழே போய்விட்டது, தவணை தட்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் “அந்த விலைக்கு முடியாது, ஆனால் மாதம் 300 கிலோவுக்கு மேல் எடுத்தால் 480க்குத் தரலாம்” என்று எதிர்யோசனை சொல்ல முடியும். மனதில் இல்லாதவர் முகத்துக்காக ஒப்புக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார்.

எரிச்சலோடு கேட்கிறவர்களும் இருப்பார்கள். முன்பு யாரோ மானியம் வாங்கிக்கொண்டு கூடத்தைப் பூட்டிப் போட்டிருப்பார்கள். அந்தக் கோபம் உங்கள் மேல் வரும். அவர்களுக்காக வாதாடவும் வேண்டாம், அவர்களைத் திட்டவும் வேண்டாம். உங்கள் வரவு செலவு நோட்டை மேசையில் வைத்து “பார்க்கலாம் சார்” என்றால் போதும். ஆகவே நோட்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

10. அன்று மாலையும் அடுத்த வாரமும்

கூட்டம் முடிந்த அன்றே இரவுக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: பேசியது என்ன, அவர்கள் ஒப்புக்கொண்டது என்ன, நாம் தர வேண்டியது என்ன, எந்தத் தேதி. நாலு வரி. வாட்ஸப்பில் அனுப்பினாலும் அலுவலகம் என்றால் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. நினைவில் மாறுபாடு வந்தால் இந்தச் செய்திதான் சாட்சி. காலை வணக்கப் படங்களை அந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள். முக்கியமான செய்தியும் அவற்றோடு சேர்ந்து கவனிக்கப்படாமல் போகும்.

தருவதாகச் சொன்ன தாளை, சொன்ன நேரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை போன். “என்ன ஆச்சு சார்” என்று கேட்காமல் “விண்ணப்பத்தில் ஏதாவது தாள் குறைகிறதா சார்” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு “பார்க்கிறோம்” என்ற பதில்தான் வரும். இரண்டாவதற்கு அவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

மறுத்துவிட்டால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரணம் கணக்கில் இருந்தால் நான்காம் படிக்குப் போங்கள். ஆளில் இருந்தால், அதாவது முடிவெடுப்பவரிடம் போய்ச் சேரவே இல்லையென்றால், முதல் படிக்கு. ஸ்லைடின் நிறத்தை மாற்றிக்கொண்டு மறுபடி அதே பேச்சோடு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அதே பதில்தான் கிடைக்கும்.